வலது மூலையில் வாசல் இருக்கிறது, தம்பி

தம்பி,

ஸலாம் சொல்லி, இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸலாம் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொள். மீதியை எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். இங்கே சௌக்கியமில்லை. அங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிந்துபோனதும், அதை நான் சொல்லிவிட்டதும்தான் உன் கோபம். என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வாயால் சொல்ல விடாதவனுக்கு எழுதித்தானே சொல்ல வேண்டும்? உனக்கு மட்டும் அனுப்பினால் படிக்காமல் அழித்துவிடுவாய். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடக் கொடுக்கிறேன். உன் பெயரும் போடவில்லை, என் பெயரும் போடவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர்கள் படித்தால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும், எனக்கு இப்போது வேறு கவலை.

இன்றைக்குக் காலையிலும் கடையைத் திறந்து, தூசி தட்டி, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் சந்துக்குள்தான் போனேன். நீ காலேஜில் படிக்கும்போது செய்த விளையாட்டு. தெரியாதவர்கள் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் சுவர்கள், நடுவில் கடுகு மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. அம்புக்குறிப் பொத்தான்களை அமுக்கி அந்தப் பொட்டை முட்டாமல் மோதாமல் ஓட்டிக்கொண்டு போய் வெளிவாசலில் விட வேண்டும். அவ்வளவுதான். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, சுட்டுத் தள்ளுவது கிடையாது. தினமும் காலையில் தானாகவே ஒரு புதுச் சந்து வரும், வைத்திருக்கிற எல்லோருக்கும் அதே சந்து. யார் சீக்கிரம் வெளியே வந்தார்கள் என்று கீழே பெயர் வரும். ஆரம்பத்தில் உன் சிநேகிதர்கள் பெயரெல்லாம் வந்தது. ஒவ்வொருவனாக வேலை, கல்யாணம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பெயர். ஒன்று உன்னுடையது. இன்னொன்று ‘அத்தா’, உன்னைப் பெற்ற நான்.

எனக்கு அது எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. பீடி, வெற்றிலை, சீட்டு, எதுவும் என்னை அண்டியதில்லை. இது அண்டியது. நம் கடை என்ன கடை? மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை. புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்து நிற்பார்கள், அதற்குப் பொருந்துகிற துணியை எடுத்துப் போட வேண்டும். மாம்பழ மஞ்சளில் எத்தனை மஞ்சள், மயில்கழுத்தில் எத்தனை நிறம் என்று எனக்கு அத்துப்படி. வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்கூட வேறு கடை ஏறாமல் நேரே நம்மிடம் வருவார்கள். அப்படி வந்தவர்களை நிறுத்தி வைத்துவிட்டு நான் பொட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா மதியச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள். “பொடவய தூக்கிக்கினு பொம்பளைங்க எம்மா நேரமா நிக்கிறாங்க, நீங்க இன்னான்னா எலி ஓட்டிக்கினு கீறீங்க. நல்லா பெத்து வெச்சான் ஒரு வெளையாட்டு!” அவளுக்கு அது பொட்டு இல்லை, எலி. “இரும்மா, வாசலு வந்துடுச்சி” என்பேன். வந்திருக்காது. ஆனாலும் அந்த நாட்களில் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீ கல்ஃபுக்குப் போன பிறகு எனக்கு அது விளையாட்டாகவே இல்லை. காலையில் உன் பெயர் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் நீ எழுந்துவிட்டாய், உடம்புக்கு ஒன்றுமில்லை, டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாய் என்று அர்த்தம். உனக்குப் போன் செய்து ‘சாப்டியா’ என்று கேட்பதற்கு பதிலாக இது. என் பெயரைப் பார்த்து நீயும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாய் என்று நம்பினேன். நீ முன்னால், நான் பின்னால். அதிகம் பின்னால் இல்லை, வயசுக்கு அது போதாதா?

அப்புறம் ஒரு சமயத்தில் சந்து கஷ்டமாகிவிட்டது. சுவர் என்று நினைத்து திரும்பி வருவேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அங்கே போய் நேராகப் பார்த்தால் வாசல் இருக்கும். முதல் தடவை இல்லாத வாசல் இரண்டாம் தடவை எப்படி வரும்? நீதான் ஏதோ வேலை செய்திருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். ஒன்றும் தெரியாத அப்பனுக்குத் தெரியாமல் அங்கேயிருந்தே சந்தை மாற்றுகிறான், கெட்டிக்காரன் என்று எனக்குள் ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். “எம் பையன் ஒரு வாசல் வெச்சிக்கிறான் பாருங்க, லேட்டாதான் தொறக்கும்.” உனக்கும் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? “இன்னா தம்பி, சூப்பரா பண்ணிக்கினு கீற! அந்த லேட்டா தொறக்கற வாசலு, அதுவும் வலது பக்கமாவே வெச்சி என்ன அலைய வுடற” என்றேன். நீ சிரித்தாய். “நான் அதுல கைய வெச்சி மாத்தியே ஒரு வருசம் ஆவுது அத்தா. சந்துல வாசல் தொறக்கறதெல்லாம் கெடயாது. மொதல்லேர்ந்து தொறந்துதான் இருக்கும்” என்றாய். நான் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு மறுபடியும் பொட்டை ஓட்டப் போனேன்.

இதே சமயத்தில்தான் கபூர் என்னோடு பேச்சை விட்டான். செருப்புக்கடை கபூர், நீ பிறந்தபோது முதலில் தூக்கியவன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் நின்று ஸலாம் சொல்லியிருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை. ஒரு தரம் இல்லை, பல தரம். நம்மில் ஸலாத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். முகத்தில் துப்பியிருந்தால்கூட மன்னித்திருப்பான். அந்தச் சத்தத்தில், அந்தக் கூட்டத்தில், பக்கவாட்டில் நிற்கிறவன் கையைத் தூக்கியது என் கண்ணிலேயே படவில்லை. அவன் ஊரெல்லாம் சொன்னான், “புள்ள கல்ஃப்ல கீறான் இல்ல, பாய்க்கு கழுத்து திரும்ப மாட்டேங்குது.” கேட்டதும் எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போடா என்று நானும் விட்டுவிட்டேன். கடைக்கு வரும் பெண்களும் அப்படித்தான் பேசினார்கள். ஓரமாக நின்று கையைக் காட்டிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போய் இறங்கிப் போனார்கள். எல்லோருக்கும் திடீரென்று என்ன கொழுப்பு என்று நான் நினைத்தேன். அவர்கள் எனக்கு என்ன கொழுப்பு என்று நினைத்தார்கள்.

கச்சிராயபாளையம் ரோட்டில் அந்தப் பெண்ணை இடித்த பிறகுதான் எல்லாம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பெண். நான் ஸ்கூட்டரைத் திருப்புவதற்கு முன்னால் பார்த்தேன் தம்பி. பார்க்காமல் திருப்பவில்லை. நன்றாகப் பார்த்தேன், ரோடு காலியாக இருந்தது. திருப்பினேன், டமால் என்றது. அவள் கீழே, சைக்கிள் அவள் மேலே, முழங்கையெல்லாம் ரத்தம். வானத்திலிருந்தா விழுந்தாள்? கூட்டம் கூடிவிட்டது. “யோவ் பெருசு, கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்று ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். அந்தப் பெண்தான், “வுடுங்கண்ணா, தாத்தா பாக்கல” என்று அழுதுகொண்டே சொன்னாள். பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவன், குனிந்து அவள் மேலிருந்த சைக்கிளைத் தூக்கினேன். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. அன்றைக்கு விட்ட ஸ்கூட்டரை இன்று வரை எடுக்கவில்லை.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு உன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கிளம்பலாம் என்று எழுந்தேன். உட்காருங்கள் என்று ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு வந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பொட்டை விரட்டுவதில் நம்மைவிட ஆள் யார் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் வந்தது, அமுக்கினேன். பிறகு வரவேயில்லை. காத்திருந்தேன், காத்திருந்தேன். “இன்னாமா, கரண்ட் பூட்ச்சா?” என்று கேட்டேன். அந்த நர்ஸ் பெண், “வந்துகிட்டேதான் சார் இருக்கு” என்றாள்.

டாக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது, குளுக்கோமா. வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வரும். எழுத்துப் படிக்கிற நடுப்பார்வைதான் கடைசியில் போகும். போனது போனதுதான், மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார். “எனக்கு எங்கயும் இருட்டா தெரியலயே சார்” என்றேன். “இருட்டா தெரியாதுங்க. தெரியாத இடத்துல பக்கத்துல இருக்கறத வச்சு மூளையே நிரப்பிடும்” என்றார். அப்போதுதான் புரிந்தது. இருட்டாகத் தெரிந்திருந்தால் பயந்து என்றைக்கோ வந்திருப்பேன். எனக்குத் தெரிந்தது சுவர். எனக்குத் தெரிந்தது காலி ரோடு. அடுத்து அவர், “உங்க அப்பாவுக்குக் கண் எப்படி?” என்று கேட்டார். உன் தாதாவைப் பள்ளிவாசலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனது நான்தானே. வயசாகிவிட்டது, அதனால் தெரியவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். அவர் பேனாவை வைத்துவிட்டு, “பசங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. சில குடும்பத்துல சின்ன வயசுலயே ஆரம்பிச்சுடும்” என்றார். என் கண்ணைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அதோடு எனக்கு மறந்துபோனது.

உன் கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வந்தாய். வந்த அன்றைக்கே சொன்னேன். நீ பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, “இப்ப இன்னா அத்தா அவசரம், நிக்காஹ் முடியட்டும்” என்றாய். உன் அம்மாவும் உன் பக்கம். “கண்ணு வியாதி குடும்பம்னு சங்கராபுரத்துல தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா? வாய மூடிக்கினு இருங்க” என்றாள். மூடிக்கொண்டேன். கபூரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான். சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் சங்கராபுரத்துக்குத் தெரியும். அவன் இல்லாமலே உன் கல்யாண பிரியாணி நடந்தது. நிக்காஹ் முடிந்ததும் கேட்டேன், விருந்தெல்லாம் முடியட்டும் என்றாய். விருந்து முடிந்ததும் கேட்டேன். “அங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரி கீது, போய் பாக்கறேன், இன்ஷா அல்லாஹ்” என்றாய். மாட்டேன் என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் நம்மில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்தாய். கூட்டமில்லை. “எங்க, இன்னிக்கு சந்து போட்டாச்சா?” என்று விளையாட்டைத் திறந்தாய். நான் உன் பக்கத்தில் நின்று உன் தோளில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். நீயே செய்த விளையாட்டு. வேகமாகத்தான் ஓட்டினாய். வலது பக்கம் மேல் மூலை வந்தது. அங்கே வாசல் இருந்தது, எனக்கு நேராகப் பார்த்ததால் தெரிந்தது. நீ அதைத் தாண்டிப் போனாய். திரும்பி வந்தாய், மறுபடி தாண்டிப் போனாய். கையை நீட்டி அந்த இடத்தில் விரலை வைத்தேன். “வலது மூலையில வாசல் கீது தம்பி” என்றேன். உன் தலை திரும்பிய பிறகுதான் உன் கண் அதைப் பார்த்தது. உன் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தவன் நான். “தூக்கம் கம்மி அத்தா, அதான்” என்று சிரித்தாய். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, குரலை இறக்கி, “இத எம் பொண்டாட்டி கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா நான் உங்க புள்ளயே இல்ல” என்றாய். நான் மேஜை மேல் கலைந்து கிடந்த துணியை மடித்து வைத்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனாய்.

போன பிறகும் காலையில் சந்து போட்டாய். ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியும், உன்னை நீயே சோதித்துப் பார்த்துக்கொண்டாய். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் இடது பக்கமோ கீழேயோ இருக்கிற நாளில் என்னை எங்கோ விட்டுவிட்டுப் பறக்கிறாய். வலது மேல் மூலையில் இருக்கிற நாளில் தடுமாறி என் பக்கத்தில் வந்து நிற்கிறாய். முன்பு உன்னை எட்டிப் பிடித்தால் எனக்கு அன்றைக்கெல்லாம் குஷி. இப்போது உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் சாப்பாடு இறங்குவதில்லை. போன் செய்து கேட்டால் சார்ஜ் இல்லை என்றாய், மீட்டிங் என்றாய். பிறகு ஒரு நாள் நீயாகவே சந்தோஷமாகக் கூப்பிட்டாய். “அத்தா, கார் லைசென்ஸ் வாங்கிட்டேன். கண் டெஸ்ட் பாஸ். ஒரு எழுத்து தப்பு இல்ல, போதுமா?” என்றாய். வெள்ளைக் காரின் மேல் சாய்ந்து நின்று, அங்கே உன்னிடம் வந்துவிட்ட மருமகளைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ அனுப்பினாய். உன் அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். எழுத்து கடைசியில்தான் போகும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே தம்பி. நானும்தான் ஒரு எழுத்து தப்பாமல் படித்தேன். இன்றைக்கும் நூல் கண்டின் மேல் இருக்கிற பொடி எழுத்தை எனக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியும்.

அந்த போட்டோவுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. மருமகளுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. பின்னால் சமையலறையில் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டாள், “அவருக்கு தெரியுமா மாமா?” “தெரியும்மா” என்றேன். “கல்யாணத்துக்கு முன்னாலயேவா?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். இல்லைம்மா, இப்போதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் குடும்பத்தில் இவ்வளவு வந்திருக்காது. ஆனால் அவளிடம் ஏற்கனவே நாம் எல்லோரும் சேர்ந்து போதுமான அளவு மறைத்தாகிவிட்டது. “ஆமாம்மா” என்றேன். குழாயை மூடினாள். “சரி மாமா, வெக்கிறேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நீ பேசியதை நான் திருப்பி எழுதப் போவதில்லை, ஒன்றைத் தவிர. “உங்களுக்கு போச்சின்னா எனக்கும் போவணுமா? அதான் உங்களுக்கு வோணுமா?” என்று கேட்டாய். கடையில் ஆள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் நான் அழுதேன். உன் கண் எனக்கு வேண்டுமா? எனக்கு மிச்சமிருக்கிற இந்தக் கொஞ்சத்தைப் பிடுங்கி உனக்கு ஒட்ட வைக்க முடியுமென்றால் அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பேன். அப்படி எதுவும் கிடையாது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். உன் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். “புள்ளய வாழ வுடாம பண்ணிட்டீங்க” என்று ஒரு தரம் சொன்னாள், அதோடு சரி. முகத்தை நேராகப் பார்த்தால் முகம் தெரிகிறது, கழுத்துக்குக் கீழே தெரிவதில்லை. தட்டு எங்கே என்று தடவித்தான் எடுக்கிறேன். இதை எழுதும்போது எழுதுகிற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. முந்தின வரி எங்கே முடிந்தது என்பதை விரலால் தேடுகிறேன். பரிதாபப்படுவதற்காகச் சொல்லவில்லை. உனக்கு வரப்போவது என்ன என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

போன வாரம் மருமகள் தானாகவே கூப்பிட்டாள். அவள் உன்னை விட்டுவிட்டு வரவில்லை, அதற்கு நீ எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. “டாக்டர்னு பேச்செடுத்தாலே ரெண்டு நாளு சாப்டறதில்ல மாமா. தட்ட தள்ளி வெச்சிட்டு வெளிய பூடறாரு” என்றாள். கார் என்ன ஆச்சு என்று கேட்டேன். “ஓட்டறாரு. நான் பக்கத்துலயே உக்காந்துக்கினு ரைட்ல ஆளு, ரைட்ல ஆளுன்னு சொல்லிக்கினே போறேன். கோவப்படறாரு, ஆனா நான் சொல்லாம வுடல” என்றாள். அந்தப் பெண் ரோட்டைப் பார்த்துப் பார்த்து வாய் ஓய்ந்து போயிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. “காலையில வேலைக்குப் போகும்போது யார் சொல்றதும்மா?” என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயா என்று கேட்டபோது அழாதவள் அப்போது அழுதாள்.

தம்பி, உன்னை டாக்டரிடம் போகச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பிடித்தால் உனக்கு மிச்சம் நிறைய இருக்கும், சொட்டு மருந்தில் நிற்கும், எனக்கு நடந்த மாதிரி உனக்கு நடக்க வேண்டியதில்லை என்று விவரமாக எழுதலாம் என்றிருந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது தெரிகிறது, நீ போக மாட்டாய். என் பிள்ளை எனக்குத் தெரியாதா? பயந்தவன் நீ. சின்ன வயசில் ஊசிக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவன். பார்க்காமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று இருக்கிறாய், அதை என்னால் மாற்ற முடியவில்லை. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உன் பெண்டாட்டியிடம் காட்டிக் கொடுத்தும் பார்த்தேன். சரி, விடு. டாக்டரை விட்டுவிட்டேன். மருந்தை விட்டுவிட்டேன். உன் கண், உன் இஷ்டம். இதை என் கையால் எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஊர் ரோட்டில் நடந்து போகிறவர்களுக்கு உன் கண்ணைப் பற்றித் தெரியாது. அவர்கள் நீ பார்த்துவிட்டாய் என்று நம்பித்தான் ரோட்டில் கால் வைப்பார்கள். நீயும் பார்த்திருப்பாய், ரோடு காலியாகத்தான் இருந்திருக்கும். கார் சாவியை அவளிடம் கொடு. அவளுக்கு ஓட்டத் தெரியாது, அதனால்தான் அவளிடம் கொடுக்கச் சொல்கிறேன். என்னோடு பேச வேண்டாம். நான் செத்தால் என் மையத்துக்குக்கூட நீ வர வேண்டாம். இன்றைக்கே அந்தச் சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிடு.

உன் அத்தா